பறக்கும் குப்பையை எண்ணுவது எப்படி?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஓர் அணுமின் நிலையத்தில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. டொர்னேடோ அடித்தால் அது வாரிக்கொண்டு வரும் சாமான்களால் கட்டடங்களுக்கு என்ன ஆபத்து என்று கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாழ்த்துகள். ஊரில் யாராவது கேட்டால் அணு விஞ்ஞானி என்றே சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போவது பழைய இரும்புக்கடைக்காரர் செய்கிற வேலைதான் என்பது நமக்குள் இருக்கட்டும்.

முதலில் காற்றின் வேகத்தை முடிவு செய்யுங்கள். இதற்காக வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 1.76 என்ற வழிகாட்டியைப் பிரித்தால் போதும். 1974இல் அது முதலில் வந்தபோது நடு அமெரிக்காவுக்கு மணிக்கு 360 மைல் என்று போட்டிருந்தார்கள். 2007 திருத்தத்தில் அது 230 மைலாக இறங்கிவிட்டது. காற்று சாதுவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். டொர்னேடோவுக்குள் கருவியை நீட்டி வேகம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. இடிந்து கிடப்பதைப் பார்த்துத்தான் வேகத்தை ஊகிக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபுஜிட்டா 1971இல் போட்டுக்கொடுத்த அளவுகோலைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியபோது, ஒரு வீட்டைத் தரைமட்டமாக்க அத்தனை வேகம் தேவையே இல்லை என்று தெரிந்தது. வீடுகள் அவ்வளவு நோஞ்சான். ஆகவே 230 போதும். இது ஒரு கோடி ஆண்டுக்கு ஒருமுறை என்ற வாய்ப்பை வைத்துப் போட்ட கணக்கு. கூட்டத்தில் இதைச் சொல்லும்போது சிரிக்காதீர்கள். சிரித்தவர்தான் அன்றைய கூட்டக் குறிப்பை எழுத வேண்டியிருக்கும்.

அடுத்தது, பறந்து வரப்போவது யார் என்று தெரிந்துகொள்வது. 'ட்விஸ்டர்' படம் பார்த்தவர்கள் பசுமாட்டை எதிர்பார்ப்பார்கள். வழிகாட்டியின் பட்டியலில் பசு இல்லை. மூன்றே உருப்படிகள்தான். ஒன்று, பதினைந்து அடி நீளமுள்ள 130 கிலோ இரும்புக் குழாய். சுவரைத் துளைக்கிற வேலை இதனுடையது. இரண்டாவது, 1,810 கிலோ எடையுள்ள கார். துளைக்காது, மொத்தமாக மோதி உலுக்கும். இரண்டும் நொடிக்கு 41 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டரில் வரும். மூன்றாவது ஓர் அங்குல இரும்புக் குண்டு. எழுபது கிராம்கூட இருக்காது, வேகமும் நொடிக்கு எட்டு மீட்டர்தான். இது எதற்கு என்று கேட்காதவர் இல்லை. சுவரில் காற்றுக்காக விட்ட திறப்பு, கம்பித் தடுப்பின் இடைவெளி ஆகியவற்றுக்குள் நுழைந்து பார்ப்பதற்காக. மூவரில் எனக்கு மரியாதை இவன் மேல்தான்.

மேற்குக் கரைக்கு மாற்றல் கிடைத்தால் காற்று 160 மைலாகக் குறையும், காரும் 1,178 கிலோவாக இளைத்துவிடும். அந்தக் காற்று பெரிய காரைத் தூக்காதாம். இன்னொரு சட்டமும் உண்டு: கார் முப்பது அடிக்கு மேல் மோதாது. முப்பது அடி எங்கிருந்து என்பதில்தான் சூட்சுமம். கட்டடத்தைச் சுற்றி அரை மைலுக்குள் மேடு இருந்தால், அந்த மேட்டிலிருந்து அளக்க வேண்டும். எனவே மேட்டின்மேல் புதிதாகக் கார் நிறுத்துமிடம் கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், உடனே எழுந்து நின்று ஆட்சேபியுங்கள். உங்கள் மேலதிகாரியின் கார் அங்கே நிற்கப்போகிறது என்றால் உட்கார்ந்தபடியே ஆட்சேபியுங்கள்.

சுவரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒன்றரை, இரண்டு அடி கனத்துக் கம்பிக் கான்கிரீட்டைக் குழாய் துளைத்து வெளியே வருவது எளிதல்ல. 1970களில் சாண்டியா ஆய்வுக்கூடத்தார் ராக்கெட் வைத்து மின்கம்பங்களையும் குழாய்களையும் கான்கிரீட் பலகைகள்மேல் ஏவிப் பார்த்தார்கள். கம்பம்தான் சிதறியது; பலகைக்குப் பெரிய சேதமில்லை. இரும்புக் குழாய் மோதியபோது கதை வேறு. குழாய் முன்பக்கத்தில் குத்தி நின்றுவிடும், ஆனால் பின்பக்கத்திலிருந்து கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து அறைக்குள் தெறிக்கும். அடிபட்டது வெளியே, காயம் உள்ளே. இதற்கான சூத்திரம், இரண்டாம் உலகப் போரில் குண்டு கான்கிரீட்டில் எவ்வளவு ஆழம் புதையும் என்று பார்த்தவர்கள் போட்டது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இனி உண்மையான வேலை. ஹெல்மெட், நோட்டு, நல்ல செருப்பு... இல்லை, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். வளாகத்தில் இறங்கி, பறக்கக்கூடிய எல்லாவற்றையும் எண்ணுங்கள். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். சாரக் குழாய், பிளைவுட் பலகை, எண்ணெய் டிரம், கேஸ் சிலிண்டர், கம்பி வலை, தகரக் கொட்டகை, கொட்டகையிலிருந்து கழன்று வரப்போகும் தகரங்கள், மரங்கள், கார்கள். தகரத்தை எண்ணும்போது கொட்டகை முழுசாக நிற்கிறது என்று விட்டுவிடாதீர்கள். காற்று வந்தபின் அது எத்தனை துண்டாகும் என்பதுதான் கேள்வி. இதை யார் பார்த்துச் சொல்வது? நீங்கள்தான். ஒரு கிடங்கு எத்தனை உருப்படி என்று இரண்டு பொறியாளர்களிடம் கேட்டால் மூன்று எண் கிடைக்கும்.

எண்ண நேரமில்லாதவர்களுக்கு 2017இல் ஓர் எளிய முறை வந்தது. அதில் 2,500 அடி வட்டத்துக்குள் 2,40,000 பொருள்கள் இருப்பதாக முதலிலேயே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வளாகத்தில் அதற்கு மேல் இல்லை என்று நடந்து பார்த்து உறுதி செய்தால் சரி. எண்ணிக்கை மிச்சம், நடை மிச்சமில்லை. எரிபொருள் மாற்றும் பருவத்தில் போய்விடாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அப்போதுதான் போக வேண்டும். சாதாரண நாளில் துடைத்துவைத்தது போலிருக்கும் முற்றத்தில் அந்த வாரங்களில் லாரி லாரியாகச் சாரக்கட்டுச் சாமான் இறங்கும்.

எண்ணிக்கை கைக்கு வந்ததும் அணுஉலையின் கூரையை நிமிர்ந்து பார்ப்பீர்கள். எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். நீங்கள் டீசல் ஜெனரேட்டர் கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். அங்கே கூரையிலிருந்து ஒரு புகைபோக்கிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், துருப்பிடிக்காமலிருக்கப் பெயின்ட் அடித்து. பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி மூச்சுவிட வளைந்த கைப்பிடிபோல் ஒரு சிறு குழாய். பல நிலையங்களில் இவற்றைச் சுற்றிச் சுவர் இல்லை. கட்டியபோது விட்டுப்போனது. 2015இல் ஆணையமே எல்லா நிலையங்களுக்கும் எழுதி, இப்படி மூடாமல் நிற்கிற சாமான்களைத் தேடிப் பாருங்கள் என்று நினைவூட்டியது.

இதில் என்ன பெரிய ஆபத்து? ஒரு பலகை வந்து அந்தப் புகைபோக்கியைச் சப்பையாக்கினால் புகை வெளியேறாது, எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். வெளியிலிருந்து வரும் மின்கம்பிகள் அதற்கு முன்பே அறுந்திருக்கும். அணைத்துவிட்ட உலையிலும் வெப்பம் வந்துகொண்டே இருக்குமே, அதைத் தணிக்கும் பம்புகளுக்கு அப்போது அந்த டீசல்தான் கதி.

கற்பனை என்று யாராவது மறுத்தால் வரலாற்றைக் காட்டுங்கள். 1998 ஜூன் 24 அன்று ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்துக்குள்ளேயே டொர்னேடோ புகுந்தது. உலைக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மின் இணைப்பு முழுதும் போய், ஏறத்தாழ ஒரு நாள் டீசல் தாங்கியது. 2011 ஏப்ரலில் வர்ஜீனியாவின் சர்ரி நிலையத்தில் மின்நிலைய முற்றம் அடிபட்டது. அதே மாதம் 27ஆம் தேதி அலபாமாவின் ப்ரௌன்ஸ் ஃபெரியில் மின்தடங்கள் வரிசையாகச் சாய, மூன்று உலைகளும் நின்றன. டீசல்கள் நாள்கணக்கில் ஓடின. எங்கும் கார் பறந்துவந்து உலைச் சுவரைத் துளைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கைகொடுத்தது, அந்தப் புகைபோக்கியின் கீழே இருக்கிற எஞ்சின்.

இப்போது கணினி. டோர்மிஸ் என்ற நிரல் 1980களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. நீங்கள் எண்ணிய ஒவ்வொரு பலகையையும் ஆயிரக்கணக்கான பொய் டொர்னேடோக்களில் பறக்கவிட்டு, எது எங்கே விழுகிறது என்று பார்க்கும். மூடாத குழாய்களுக்கெல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக வாய்ப்பு வந்தால் பாதுகாப்பே தேவையில்லை என்று விண்ணப்பிக்கலாம். வரவில்லை என்றால் இலக்கின் பரப்பளவை மறுபடி அளந்து பாருங்கள். முதல் தடவை தாராளமாக அளந்திருப்பீர்கள். இதற்குப் பெயர் மோசடி அல்ல, செம்மைப்படுத்துதல். ஆணையத்தார் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தவர்கள், ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் கேள்வி அனுப்புவார்கள்.

இந்தக் கேள்வி பதில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் வெல்டர் ஒருவர் உங்கள் மேஜை வழியாகப் போவார். திரையில் குழாயின் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், இதைச் சுற்றி ஓர் இரும்புக் கூண்டு போட்டுவிட்டால் என்ன?" என்பார். பதறாதீர்கள். கூண்டு காற்றுக்குத் தாங்குமா, தாங்காமல் பிய்ந்தால் அதன் துண்டுகளையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டுமா, பூகம்பம் வந்தால் கூண்டே குழாயின்மேல் சாயாதா என்று அவரிடம் நிதானமாக விளக்குங்கள். கடைசிக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கோப்பு பூகம்பப் பிரிவுக்குப் போக வேண்டும். அவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள், திங்கட்கிழமை வருவார்கள்.