ஹசார்ட் என்னும் சொல்லின் தோற்றமும் நாற்சந்தி வழக்கும்: ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ஆபத்தைக் குறிக்கும் சொற்களுள் டேஞ்சர் மின்கம்பத்துத் தகரப் பலகையிலும், ரிஸ்க் காப்பீட்டு முகவரின் வாயிலும் பொருள் ஐயமின்றி நிலைபெற்றுவிட்டமையால், அவை இரண்டும் ஆய்வுக்குரிய தகுதியை இழந்தன. எஞ்சி நிற்கும் ஹசார்ட் என்பதே, விளங்காமலே பலராலும் வழங்கப்பெறும் பெருமையால் இக்கட்டுரைக்கு உரியதாகிறது.

இச்சொல் தொடக்கத்தில் ஆபத்தைக் குறித்ததன்று. இரண்டு பகடைக்காய்களை உருட்டி ஆடும் ஒரு சூதாட்டத்தின் பெயராகப் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் புகுந்து, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதைகளிலும் இடம்பெற்று, ஆடியவர் கைப்பொருளை இழந்தபடியே இருந்தமையால் 16ஆம் நூற்றாண்டில் இடருக்கு ஆகுபெயராயிற்று. பிரெஞ்சுச் சொல்லின் மூலம் யாதோ எனின், பகடையைக் குறிக்கும் அஸ்-ஸஹ்ர் என்னும் அரபுச் சொல்லே ஸ்பானியம் வழியாக வந்தது என்ப. பழைய அரபு நூல்களில் அச்சொல் அப்பொருளில் வாராமையின் அது பொருந்தாது என்பாரும் உளர். ஸஹ்ர் என்பது மலர், பகடையின் ஒரு பக்கத்தில் மலர் தீட்டியிருப்பர் என்று இருசாராரையும் அமைதிப்படுத்துவாரும் உளர். அம்மலரின் நிறம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு நிகழ இடமுண்டு. சிலுவைப் போர் வீரர்கள் ஒரு கோட்டையை முற்றுகையிட்டுப் பொழுது போகாமல் இவ்வாட்டத்தைக் கண்டனர் என்றும், கோட்டையின் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று என்றும் கூறுவோர், 12ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் டயர் நகர வில்லியத்தைச் சான்று காட்டுவர். அசர்தல் என்னும் தமிழ் வினையே இதன் வேர், அசர்ந்தவர் அழிவார் ஆதலின், என நிறுவும் நூல் இன்னும் வெளிவராமைக்குத் தாள் விலையேற்றம் அன்றி வேறு காரணம் புலப்படவில்லை.

கோல்ஃப் ஆடுவோர் நீர்நிலையை இப்பெயரால் அழைத்துவந்து, 2019இல் விதிகளைத் திருத்திக் கைவிட்டனர். அது அவர்கள் பாடு.

இனி, தமிழ்நாட்டுச் சாலை வழக்கு. சிவப்பு முக்கோணம் பொறித்த பொத்தானை அழுத்த, நான்கு இண்டிகேட்டர்களும் ஒருசேர இமைப்பது ஹசார்ட் லைட் எனப்படும். பழுதாகி நின்ற வண்டி பின்வருவோரை எச்சரித்தற்பொருட்டு இஃது அமைந்தது என்பது வண்டி செய்வோர் கொள்கை. நம் ஓட்டுநர் இதனை ஏலாது, நாற்சந்தியில் நேரே செல்வதற்குரிய குறியாகக் கொள்வர். அவர்தம் இலக்கணம் நுட்பமானது: இடவிளக்கு இடப்பக்கத்தையும் வலவிளக்கு வலப்பக்கத்தையும் உணர்த்துமாதலின், இரண்டும் சேர்ந்தவழி இடமும் அன்று வலமும் அன்று என்னும் எதிர்மறை தோன்றி, எஞ்சிய நேர்வழியே பொருளாகும். இது தொல்காப்பியத்தில் இல்லையே எனின், அங்கு இண்டிகேட்டரும் இல்லை என விடுக்க.

இவ்விலக்கணத்திற்கு ஓர் இடையூறு உண்டு. சந்தியின் பக்கத்துச் சாலையில் வருபவர் கண்ணுக்கு வண்டியின் ஒரு பக்கத்து விளக்கே புலப்படுமாதலின், அவர் அதனை எதிர்மறையாக உணராது, வண்டி தம் பக்கம் திரும்புகிறது எனத் துணிந்து முன்னேறுவர். இருவரும் தத்தம் உரையில் ஊன்றி நிற்பது புலவர் அவைக்கு ஒக்கும். அங்கே முன்பக்கக் கண்ணாடி உடைவதில்லை. மழையில் ஓடும்போதும், நிறுத்தக்கூடாத இடத்தில் காப்பி அருந்த நிறுத்தும்போதும் இவ்விளக்கு எரியும். மேற்கூறிய இலக்கணம் இவற்றைத் தழுவாமையின் புறனடையாகக் கொள்க.

லாரி உண்மையாகவே பழுதாகி நடுச்சாலையில் நின்றவிடத்தோ, ஓட்டுநர் பலர் விளக்கை நம்பாமல், தழையோடு ஒரு மரக்கிளையை ஒடித்து வந்து வண்டியின் பின்னே போட்டு, இரண்டு கல்லையும் வைப்பர். அக்கிளையின் தோற்றம் பக்கத்துப் புளியமரமே என்பதில் அறிஞரிடையே இதுவரை கருத்து வேறுபாடு எழவில்லை.