முழங்காலுக்கு ஐந்து அங்குலம்

கேள்வி: நியூயார்க்கிலிருந்து ஹொனலூலு போகிறோம். என் கணவர் ஆறடி உயரம். உள்நாட்டு விமானத்துக்குப் போய், கூடுதல் காசு கொடுத்துக் கால் நீட்டும் இருக்கை வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: பெயர்தான் உள்நாடு; தூரம் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர்! எதிர்க்காற்றும் சேர்ந்தால் பதினோரு மணி நேரம். அதே நேரத்தில் லண்டனுக்குக் கிளம்பியவர் போய் இறங்கி, குளித்து, சாப்பிட்டும் முடித்திருப்பார். யோசிக்காமல் வாங்குங்கள்.

சாதாரண வரிசைகளுக்கு இடையே சுமார் 31 அங்குலம். இதில் 36 வரை கிடைக்கும். அந்த ஐந்து அங்குலமும் முழங்காலுக்கே. இடுப்புக்கு ஒரு நூல்கூடக் கூடாது. அகலம் அதேதான்.

எந்த வரிசை என்பதில்தான் சூட்சுமம். அவசர வழியருகே ராஜாவாகக் காலை நீட்டலாம். ஆனால் சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் இருப்பதால் அதைத் தூக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். 15 வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை. கழிவறைக்குப் பக்கத்து வரிசையோ, நீட்டிய காலை ஊரே தாண்டிப் போகும் பாதை! இரண்டும் இல்லாத நடு வரிசையே என் தேர்வு. ஏ330 விமானமென்றால் ஜன்னலோரம் இரண்டிரண்டு இருக்கைதான், தம்பதிக்கென்றே செய்த மாதிரி.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் அது பெரும்பாலும் இரவுப் பயணம். கையில் காசு ஒரு வழிக்குத்தான் என்றால், அந்த இரவுக்கே கொடுங்கள். மனிதர் கொஞ்சம் தூங்கட்டும்.