இரண்டு புத்தகங்களும் ஒரு துத்தநாகத் தகடும்

1983இல் சென்னையில் எம்.எஸ்சி. முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். இயற்பிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் டேனியல் மின்கலத்தின் மின்னியக்கு விசையை அளக்கும் நாள். ஒரு பீக்கரில் துத்தநாக சல்பேட், அதில் துத்தநாகத் தகடு. மற்றொன்றில் தாமிர சல்பேட், அதில் செம்புத் தகடு. இரண்டையும் இணைக்க உப்புப் பாலம் வேண்டும். அகர்-அகரையும் பொட்டாசியம் குளோரைடையும் சேர்த்துக் காய்ச்சி, வளைந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி முதல் நாளே உறையவைத்திருந்தேன். பொட்டென்ஷியோமீட்டரை வெஸ்டன் மின்கலத்தின் 1.018 வோல்ட்டுக்குச் சரிசெய்துகொண்டு அளந்தேன். கால்வனாமீட்டர் முள் அசையாமல் நின்ற இடத்தைக் குறித்துக் கணக்குப் போட்டால் 1.09 வோல்ட் வந்தது.

கொள்கைப்படி எவ்வளவு வர வேண்டும் என்று முந்தின நாளே விடுதியில் கணக்கிட்டு வைத்திருந்தேன். அந்த விடை கழித்தல் 0.42. கழித்தல் என்றால் நான் எழுதிய திசையில் மின்கலம் ஓடவே கூடாது. மேசையிலோ அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். பார்த்துவிட்டு, “செம்புக்கு எந்தப் புத்தகத்துல எடுத்தப்பா?” என்றார்.

“ஆட்கின்ஸ் சார்.”

“துத்தநாகத்துக்கு?”

“கிளாஸ்டன் சார். லைப்ரரி மூடிட்டாங்க. செம்பு மட்டும்தான் எழுதிக்கிட்டு வந்தேன். ரூம்ல கிளாஸ்டன் இருந்துச்சு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “ரெண்டு புத்தகமும் சரிதான். ரெண்டையும் இன்னிக்கு ராத்திரி பக்கத்துல பக்கத்துல வச்சுப் படி. நாளைக்கு வந்து நீ எனக்குச் சொல்லு” என்றார். துறை நூலகத்தில் வெளியே தரக் கூடாத புத்தகங்களின் அலமாரியில் இருந்த ஆட்கின்ஸை ஓர் இரவுக்குத் தம் பொறுப்பில் எடுத்துக் கொடுத்தார்.

அந்த இரவைப் போல வேறெந்த இரவும் எனக்கு வேதியியல் கற்றுத் தந்ததில்லை. சாமுவேல் கிளாஸ்டனின் மின்வேதியியல் அறிமுக நூல் 1942இல் வந்தது. அதன் அட்டவணையில் துத்தநாகத்துக்குக் கூட்டல் 0.76. 1978இல் முதல் பதிப்பு கண்ட ஆட்கின்ஸின் இயற்பிய வேதியியலில் அதே துத்தநாகத்துக்குக் கழித்தல் 0.76. எண்ணில் மாற்றமில்லை, குறிதான் வேறு. துத்தநாகம் எலக்ட்ரானை விடுவதைச் சமன்பாடாக எழுதினால் கூட்டல், அயனி எலக்ட்ரானை வாங்கி உலோகமாவதை எழுதினால் கழித்தல். அந்தக் கால அமெரிக்க நூல்கள் முதல் வழியில் எழுதின, ஐரோப்பியர் மறு வழியில் எழுதினர். 1953இல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேச வேதியியல் ஒன்றியம் ஒடுக்க வினையை வைத்தே மின்முனை அழுத்தத்தைக் குறிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதன்பின் அச்சான நூல்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறின. நான் ஸ்டாக்ஹோமுக்கு முந்தைய புத்தகத்தில் பாதியையும் பிந்தைய புத்தகத்தில் பாதியையும் எடுத்து ஒரே கணக்கில் போட்டிருக்கிறேன். ஒரே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு போட்டால், எந்தப் புத்தகமானாலும் 1.10 வந்துவிடும்.

அதுவரை பாடநூலில் அச்சானதெல்லாம் இயற்கையின் சொல் என்றே நம்பியிருந்தேன். எது இயற்கை சொன்னது, எது மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்றிரவு வந்தது. இரண்டு நல்ல புத்தகங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால் வந்தது.

அந்தக் கிளாஸ்டன் எனக்குக் கிடைத்த இடம் மூர் மார்க்கெட். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து, பதினெட்டு ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் மசிப் பேனாவால் 1956 என்று எழுதியிருந்தார். நான் படிப்பை முடித்த மறு ஆண்டு, 1985 மே மாதத்தில், மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அன்று எரிந்த புத்தகங்களை நினைத்தால் இப்போதும் வயிறு பதறுகிறது.

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்தவன் நான். இளநிலை முதலாண்டில் ஆங்கில நூல்களைத் திறந்தால் ஒரு பக்கத்துக்கு முப்பது சொல் தெரியாது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிகளுக்கென்று வெளியிட்ட தமிழ் நூல்கள்தான் அப்போது எனக்குக் கை கொடுத்தன. சாதாரணத் தாள், சுமாரான அச்சு, ஆனால் உள்ளே இருந்தது முறையான வேதியியல். ‘ஈனி’ என்ற சொல்லை அப்படித்தான் படித்தேன். அணைவுச் சேர்மத்தில் நடு உலோகத்துக்கு எலக்ட்ரான் இணையைக் கொடுக்கும் மூலக்கூறு அல்லது அயனி அது. அதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘கட்டுதல்’ என்ற பொருள் தரும் லத்தீன் வேர். தமிழ்ச் சொல் ‘கொடுத்தல்’ என்பதைப் பிடித்துக்கொண்டது. வேதியியல்படி பார்த்தால் தமிழ்ச் சொல்லே வினையின் நெஞ்சைத் தொடுகிறது என்று இன்றும் சொல்வேன். இந்த முயற்சிக்கு முன்னோடிகளும் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்ற நூல் 1875இலேயே வந்துவிட்டது.

மற்ற புத்தகங்கள் வந்த வழிகளும் இன்றைய பிள்ளைகளுக்குக் கதை போல இருக்கும். சால்ட் அனாலிசிஸுக்கு வோகல்தான் வேதம். பிரிட்டிஷ் அரசின் உதவியால் மலிவுப் பதிப்பாக வந்ததால் அது எங்களுக்கு எட்டியது. மாஸ்கோவின் மிர் பதிப்பகம் வெளியிட்ட கிளிங்காவின் பொது வேதியியல், நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சிகளில் கெட்டி அட்டையுடன் சில ரூபாய்க்குக் கிடைத்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் அந்த வரத்து நின்றது. ஆக, லண்டன், மாஸ்கோ, நியூயார்க், சென்னை என்று நான்கு ஊர்ப் புத்தகங்கள் ஒரே மரப்பலகையில் நின்றன. ஒன்றில் ஆற்றல் கலோரியில் இருக்கும், இன்னொன்றில் ஜூலில். அமெரிக்க நூலில் ‘எஃப்’ என்று போட்டிருந்தால் கிப்ஸின் கட்டிலா ஆற்றல், ஐரோப்பிய நூலில் அதே எழுத்து ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆற்றல். லாக் புக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்று முன்னுரையிலிருந்து தேட வேண்டும். முன்னுரை படிக்கும் பழக்கம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

கனிம வேதியியலில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. தயாரித்தல், பண்புகள், பயன்கள் என்று மூன்று தலைப்பில் எந்தச் சேர்மத்தையும் அடக்கிவிடுவது பழைய முறை. தேர்வில் பக்கம் நிரப்ப வசதி. காட்டனும் வில்கின்சனும் எழுதி 1962இல் வந்த உயர்நிலைக் கனிம வேதியியல், சேர்மத்தின் வடிவமும் பிணைப்பும் என்ன, ஏன் அப்படி என்ற கேள்வியை முன்னால் வைத்தது. ஹார்வர்டில் வில்கின்சனிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர் காட்டன். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுதிய நூல். எங்கள் துறையில் ஒரே பிரதிதான். மூன்று வாரம் காத்திருந்து என் முறை வந்தபோது, அணைவுச் சேர்ம அத்தியாயத்தின் ஓரங்கள் விரல் பட்டுக் கறுத்திருந்தன.

நாற்பது ஆண்டு கழிந்துவிட்டது. கல்லூரியில் கற்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆட்கின்ஸ் பன்னிரண்டாம் பதிப்பு வரை வந்துவிட்டது. அட்டவணையில் தனிமங்கள் 118 ஆகிவிட்டன. நாங்கள் 6.023 என்று மனப்பாடம் செய்த அவகாட்ரோ எண், 2019 மே 20 முதல் 10இன் 23ஆம் அடுக்கோடு பெருக்கிய 6.02214076 என்று அளவீடே இல்லாமல் வரையறையாலேயே நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் அந்தப் பழைய தமிழ் நூல்களில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் யாரும் படிக்கலாம். நான் மூன்று வாரம் காத்திருந்தது பெருமைப்பட ஒரு காரணம் ஆகாது. இன்று ஒரு கிராமத்துப் பெண் தன் கைபேசியில் வேண்டிய நூலைப் பார்க்கிறாள் என்றால் அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒன்று போய்விட்டது. போன ஆண்டு ஒரு கல்லூரியின் செய்முறை வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். அதே டேனியல் மின்கலம். டிஜிட்டல் கருவியில் 1.08 காட்டியது. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கைபேசியில் பார்த்து, துத்தநாகத்துக்குக் கழித்தல் 0.76 என்று எழுதியிருந்தாள். ஏன் கழித்தல் என்று கேட்டேன். “ரிடக்‌ஷன் பொட்டென்ஷியல் சார்” என்றாள் உடனே. சரியான விடை. அதற்குமேல் அவளுக்குக் கேள்வி எழ வழியில்லை. தேடிப் பார்த்த பக்கமெல்லாம் ஒரே விடையைச் சொல்லும்போது எதை வைத்து எதைச் சந்தேகிப்பாள்? போட்டித் தேர்வுக்கான வினாவங்கியும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்கிறது.

பையிலிருந்த கிளாஸ்டனை எடுத்து அட்டவணைப் பக்கத்தைப் பிரித்து அவள் முன் வைத்தேன். லித்தியம் கூட்டல் மூன்றோடு உச்சியில் நிற்கிறது. “தலைகீழா இருக்கே சார்” என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் கைபேசியில் படம் எடுத்தாள், பிறகு ஒரு பென்சில் கேட்டாள். இரண்டு வழக்கத்திலும் கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டிலும் 1.10 வந்ததும் நிமிர்ந்து கேட்டாள்: “அப்ப நாம எந்தப் பக்கமா எழுதினாலும் அந்தத் தகடுக்கு ஒன்னும் தெரியாதா சார்?”

என் பேராசிரியரிடம் மறுநாள் காலையில் நான் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். இதைக் கேட்க அவளுக்கு வேண்டியிருந்தது அறிவு அல்ல, அது அவளிடம் வேண்டிய மட்டும் இருந்தது. மாறுபட்டுச் சொல்லும் இரண்டாவது புத்தகம் ஒன்றுதான் அவள் பக்கத்தில் இல்லாமல் இருந்தது.

அந்த இரண்டாவது புத்தகங்கள்தான் இப்போது எடைக்குப் போகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நூலகம், ‘காலாவதியான பதிப்புகள்’ என்று பட்டியல் போட்டு ஒரு லோடு புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியது. செய்தி கேட்டு ஓடினேன். நான்குதான் மீட்க முடிந்தது. அவற்றில் ஒன்று 1950களில் அச்சான கனிம வேதியியல் நூல். அதில் ‘மந்த வாயுக்கள்’ அத்தியாயத்தில், இவை எந்தச் சேர்மமும் தருவதில்லை என்று பொருள்படும் வரியை யாரோ பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் பார்ட்லெட் பெயரையும் 1962 என்ற ஆண்டையும் எழுதியிருந்தார்.

கனடாவின் வான்கூவரில் இருந்த நீல் பார்ட்லெட், பாடம் எடுக்கத் தயாராகும்போது, எல்லாப் பாடநூலிலும் உள்ள அயனியாக்கும் ஆற்றல் வரைபடத்தைப் பார்த்தார். அதற்குச் சற்று முன் அவர் பிளாட்டினம் ஹெக்ஸாபுளூரைடைக் கொண்டு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்திருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு ஆகும் ஆற்றலும் சீனானுக்கு ஆகும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அந்தப் படத்தில் அவருக்குப் பட்டது. 1962 மார்ச்சில் சிவப்பு நிறப் பிளாட்டினம் ஹெக்ஸாபுளூரைடு ஆவியையும் நிறமற்ற சீனானையும் சேர விட்டார். அந்த நொடியே மஞ்சள் கலந்த திண்மம் படிந்தது. ‘சேராது’ என்று நூல்கள் சொன்ன வாயு சேர்ந்துவிட்டது. உலகமெங்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்த ஒரு பாடநூல் படத்தை ஒருவர் நின்று பார்த்ததன் விளைவு இது. நம் ஊர் நூலகத்தில் ஒரு பெயர் தெரியாத வாசகர் அந்தச் செய்தி அறிந்ததும் போய்ப் புத்தகத்தைத் திருத்தியிருக்கிறார். அந்தப் பென்சில் கோடு எந்தப் புதிய பதிப்பிலும் கிடைக்காது.

கல்லூரி நூலகர்களுக்கும் வேதியியல் துறைத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பழைய பதிப்புகளைக் கழியுங்கள், இடம் வேண்டும், புரிகிறது. ஆனால் 1953க்கு முந்தைய ஒரு மின்வேதியியல் நூல், 1962க்கு முந்தைய ஒரு கனிம வேதியியல் நூல், பாடநூல் நிறுவனத்தின் தமிழ் நூல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி, இவ்வளவையாவது புதிய பதிப்புகள் இருக்கும் அதே அலமாரியில் பக்கத்தில் வையுங்கள். பூட்டி வைக்காதீர்கள்.