துதிக்கை தூக்கிய ‘லை’

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்குப் பேனர் அடிக்கிறோம். அந்தக் காலத்துச் சினிமா விளம்பரம் மாதிரி குண்டு எழுத்து வைக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக வையுங்கள், தலைப்புக்கு மட்டும்! குண்டு எழுத்து கல்யாண மேளம் மாதிரி. வாசலில் முழங்கினால் அழகு. பந்தியிலும் முழங்கினால் பக்கத்து இலைக்காரர் பேசுவது கேட்காது. நாள், நேரம், இடமெல்லாம் மெல்லிய எழுத்தில் இருக்கட்டும். சின்ன அளவில் குண்டு ‘ண’, ‘ஞ’ சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

மும்பை ஏக் டைப் குழுவின் ‘பலூ தம்பி’ எழுத்துரு இலவசம், கொழுகொழுவென்று சிரிக்கும். ஆனால் பழமை தடிமனில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் முன், ணை, லை, ளை, னை நான்கும் யானை போலத் துதிக்கை தூக்கி நின்றன. பால்மரக் காட்டில் நம் தாத்தா பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்த தமிழ் அதுதான்.

ஈப்போவில் அச்சுக்குக் கொடுக்கும் முன், பழைய பள்ளிப் பலகையின் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால், அதைப் பார்த்தே தலைப்பை வரையச் சொல்லுங்கள். தோட்டம் போனாலும் அதன் கையெழுத்து மிஞ்சட்டும்.