வெந்த தொடையில் கோலா

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் கடைகளில் ஹாம் குவிந்துவிடும். உப்பில் ஊறி, புகையுண்டு, சுருள் சுருளாக அறுபட்டு வரும் பன்றித் தொடை. பெரும்பாலும் உறையிலேயே ‘முழுவதும் வெந்தது’ என்று அச்சடித்திருப்பார்கள். பிரித்தால் அப்படியே சாப்பிடலாம். ஆனால் விருந்து என்று வந்துவிட்டால், ‘நானே சமைத்தேன்’ என்று சொல்லிக்கொள்ள ஏதாவது செய்தாக வேண்டுமே!

அதற்குத்தான் ஸ்லோ குக்கர் என்னும், மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானை. நாம் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவோம். அவர்கள் வெந்த தொடையில் கோலா பாய்ச்சுகிறார்கள். மேலே பழுப்புச் சர்க்கரை, அன்னாசி வளையம். எலும்பு மட்டும் அடங்காமல் மூடியை முட்டித் தூக்கும். உடனே அலுமினியத் தாளில் கூடாரம் எழும்பும். ஆலையில் உறையிட்ட ஹாமுக்கு அரசின் வேளாண் துறை கேட்பது 60 டிகிரி செல்சியஸ் சூடு மட்டுமே. சூடேற்ற ஆகும் நாலைந்து மணி நேரமும் சமையல் கணக்கில் வரவாகிவிடும்.

பானையின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. 1940-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சன் ஒரு யூதர். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், லித்துவேனிய யூதர்கள் முந்தின மாலையே ஏற்றி இரவெல்லாம் வேகவிட்ட ‘சோலண்ட்’ குழம்புதான் அவருக்குத் தூண்டுதல். 1971-இல் அவருடைய பானையே ‘கிராக்-பாட்’ ஆகி வீடுவீடாக நுழைந்தது. பன்றியைத் தீண்டாத மரபில் பிறந்த பானைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! காப்புரிமை பானைக்குத்தான் கிடைக்கும். உள்ளே எது வேகலாம் என்று சொல்லும் உரிமையை எந்த அலுவலகமும் தருவதில்லை.