சாவா மூவாச் சார்ஜ்: கரண்ட் அக்கவுண்ட் குறித்த ஒரு கல்வெட்டியல் ஆய்வு

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் புரட்டியவர்களுக்குச் 'சாவா மூவாப் பேராடு' பழகிய தொடர். நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அதற்கு ஈடாக நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு வந்துவிட வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் அதன் இடத்துக்குக் குட்டி வரும். ஆகவே கணக்கில் மந்தை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. இந்த ஏற்பாடு சோழரோடு மறைந்தது என்று நம்புவோர் உளர். அது வங்கிகளில் இன்றும் நெய் கறந்துகொண்டிருக்கிறது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கான மூலம், கோவில்பட்டிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் ஸ்டேட்மெண்ட். அவர் ஆய்வாளருக்குத் தூரத்துச் சொந்தம். இதனால் ஆய்வு நெறிக்குக் கொஞ்சம் பங்கம்தான். ஆனால் சொந்தமில்லாத எவர் தம் வரவுசெலவை எடுத்துக் காட்டப்போகிறார்? ஆவணத்தின் மொழி கடினமானது. புள்ளியிடாமல் எழுதுவது கல்வெட்டு மரபு என்றால், உயிரெழுத்தே இல்லாமல் எழுதுவது வங்கி மரபு. 'சிஎச்ஆர்ஜி' என்று பொறித்திருந்தால் சார்ஜ் என்று கொள்க. 'எம்ஏபி' என்பது மாதச் சராசரி இருப்பு. அதன் பக்கத்தில் ஒரு தொகை இருந்தால், அந்த இருப்பு இல்லை என்று பொருள். சில வரிகளுக்கு இன்னும் பாடம் தெளியவில்லை. கவுண்ட்டரில் இருப்பவர்களுக்கும் தெளியவில்லை என்பது களஆய்வில் உறுதியாயிற்று.

இனிக் கணிதம். சராசரி 10,000 ரூபாய் வேண்டும் என்றால் தினமும் 10,000 இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி பல வருடமாக நம்பி வந்தார். உண்மையில் ஒவ்வொரு நாள் முடிவிலும் மிஞ்சும் இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். அண்ணாச்சி கடையில் பெயிண்ட்டும் ஆணியும் விற்ற காசு பகல் முழுக்க ஃபோன் வழியாக ஏறும். சாயங்காலம் டீலருக்கு நெஃப்ட்டில் போய்விடும். லட்சங்கள் நடமாடும் கணக்கு, ராத்திரி பார்த்தால் பரம ஏழை. இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: 30 நாள் மாதத்தில் ஒரே ஓர் இரவு மட்டும் மூன்று லட்சம் அந்தக் கணக்கில் படுத்துத் தூங்கினால் போதும், மற்ற 29 இரவுகள் பூஜ்யமாக இருந்தாலும் சராசரி நிறைந்துவிடும். ஒரு ராத்திரிக்கு மூன்று லட்சம் கைமாற்று தருபவர் யார் என்பது இத்துறைக்கு வெளியே உள்ள கேள்வி.

சாவாமை எங்கே வருகிறது? சராசரி குறைந்ததற்கு 500 ரூபாய் அபராதம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 590 பிடிப்பார்கள். பிடித்ததால் இருப்பு குறையும். குறைந்த இருப்பு அடுத்த மாதச் சராசரியைக் கீழே இழுக்கும். அது இன்னொரு 590-ஐ ஈனும். இடையர்களுக்காவது நெய் போக மோர் மிஞ்சியது. கரண்ட் அக்கவுண்ட்டுக்கு வட்டியும் கிடையாது.

சட்ட வரலாறு சுருக்கமானது, சோகமானது. ஒரு காலத்தில் இந்திய வங்கிகள் சங்கம் எல்லா வங்கிகளுக்கும் பொதுவாகக் கட்டண அளவு வகுத்து வந்தது. 1999-ல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவும் தானே முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது: இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது கொடுக்க வேண்டும், பற்றாக்குறைக்குத் தக்கபடிதான் அபராதம், அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போகக் கூடாது. படித்து மகிழ்ந்த அண்ணாச்சிக்குத் தலைப்பைக் காட்ட நேர்ந்தது. அது சேமிப்புக் கணக்குக்கு மட்டும்.

களஆய்வுக்கு வருவோம். "ஏன் தம்பி பிடிச்சீங்க?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு, "நாங்க பிடிக்கல அண்ணாச்சி, சிஸ்டம் எடுத்துக்குது" என்று பதில் வந்தது. சிஸ்டம் அருவம். எங்கும் உண்டு, எவர்க்கும் காட்சி தராது, தானே எடுத்துக்கொள்ளும், தானே திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. சைவ சித்தாந்தத்தில் புலமை உள்ளோர் இதை மேற்கொண்டு ஆராயலாம். இந்த ஆய்வாளர் கண்டது வேறொன்று. வாயால் கேட்டால் சிஸ்டம் பேசுகிறது. எழுதிக் கொடுத்து நகலில் சீல் வைத்து வாங்கினால் மனிதர் பேசுகிறார். 590 ரூபாய்க்காக ஒரு மத்தியானம் கடையை அடைக்க எவனும் வரமாட்டான் என்ற கணிப்பின் மேல்தான் இந்த மந்தை மேய்கிறது.

எழுதுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அண்ணாச்சியின் முதல் வரைவு, "இது அடுக்குமா?" என்று தொடங்கியது. இதற்குப் பயன் இல்லை; கடிதம் அடுத்துப் போகக்கூடிய இடம் அப்படி. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்தது திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் காசில்லாமல் முறையிடலாம். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டம் இதற்கு வழி செய்தது. வக்கீல் வைத்துப் போக முடியாது, அந்த வக்கீலே பாதிக்கப்பட்டவராக இருந்தாலொழிய. ஆனால் வங்கியின் வணிக முடிவுகளுக்குள் ஆம்புட்ஸ்மேன் தலையிடமாட்டார். கட்டணம் அதிகம் என்பது அவர் காதில் ஏறாது; சொல்லாமல் பிடித்தார்கள், அறிவித்த பட்டியலில் இல்லாததைப் பிடித்தார்கள் என்றால் ஏறும். ஆகவே இரண்டாம் வரைவில் நியாயம், தர்மம், வயிற்றெரிச்சல் எல்லாம் நீக்கப்பட்டன. எஞ்சியவை மூன்று கேள்விகள்: எந்தத் தேதியில் பட்டியல் மாறியது, எந்த வழியில் எனக்குத் தெரிவித்தீர்கள், என் கணக்கு எந்த வகைக்கு எப்போது மாற்றப்பட்டது?

மூன்றாவதுதான் வேலை செய்தது. அண்ணாச்சி கையெழுத்தே போடாமல், குறைந்த இருப்பு வகையிலிருந்து கூடுதல் இருப்பு வகைக்கு அந்தக் கணக்கு எப்போதோ பதவி உயர்வு பெற்றிருந்தது. 'நல்லெண்ண அடிப்படையில், முன்னுதாரணமாகக் கொள்ளாமல்' ஒரு மாத அபராதத்தைத் திருப்பித் தருவதாகக் கடிதம் வந்தது. ஸ்டேட்மெண்ட்டில் ரிவர்சல் என்ற அரிய சொல்லும் உயிரெழுத்தின்றிப் பொறிக்கப்பட்டது. பிடித்தது 590, வந்தது 500. மீதி 90 ரூபாய் அரசிடம் இருக்கிறதா, வங்கியிடம் இருக்கிறதா, சிஸ்டத்திடம் இருக்கிறதா என்று கேட்டு அண்ணாச்சி இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறார். நகலில் சீல் விழுந்தாயிற்று. 30 நாள் முடிந்ததும் ஆய்வின் இரண்டாம் பாகம் வெளிவரும்.