மெத்தை மேல் என்ன கோபம்?

கே: இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் போதும், எங்கள் பட்டு என் மெத்தையில் உச்சா போய்விடுகிறாள். லிட்டர் பாக்ஸில் புது மணல் அப்படியே கிடக்கிறது. என் மேல் அப்படி என்ன கோபம்? (வாசகி, திருச்சி)

ப: கோபம் இல்லை அம்மா, பதற்றம். வீட்டில் ஆள் குறைந்தாலோ வாசனை மாறினாலோ பூனைக்கு நிலைகொள்ளாது. உங்கள் வாசனை நிறைந்திருக்கும் இடம் மெத்தைதான், அதனால் தன் வாசனையையும் அங்கேயே சேர்த்துவிடுகிறாள். பழி வாங்கும் கணக்கெல்லாம் பூனையிடம் கிடையாது. அதட்டுவது, மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது எதுவும் வேண்டாம். உங்களைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பதை மட்டும்தான் அதிலிருந்து அவள் கற்றுக்கொள்வாள். பதற்றம் நீடித்தால் பூனையின் சிறுநீர்ப்பையில் அழற்சி வரலாம். அழற்சி இருந்தால் மெத்தென்ற இடத்தைத் தேடும். ஆகவே மெத்தைக்கு உறை தேடும் முன் டாக்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கே: லாவண்டர் மணமுள்ள மணல், மூடி போட்ட அழகான பெட்டி எல்லாம் வாங்கி வைத்தேன். ராஜா எட்டிப் பார்த்துவிட்டு நேராகக் குளியலறைக்குப் போகிறார். (வாசகர், கோவை)

ப: லாவண்டர் உங்கள் மூக்குக்குப் பிடித்தது, ராஜாவின் மூக்குக்கு அது நெடி. மூடி அந்த நெடியை உள்ளேயே பிடித்து வைக்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. உதிரியான மண், திறந்த வெளி, நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் தேவை.

1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி பூனைக்கு மணல் கேட்டு வந்தார். அதுவரை அவர் போட்டுவந்தது சாம்பல். வீடெங்கும் கரிக் காலடி! எட் லோ மணலுக்குப் பதிலாக, எண்ணெய்க் கறையை உறிஞ்சப் பயன்படும் களிமண் குருணையைக் கொடுத்தார். இன்றைய லிட்டர் வியாபாரம் அங்கே தொடங்கியது. ஈரம் பட்டதும் கட்டியாகும் லிட்டர் பின்னால் வந்தது. அது பென்டோனைட் களிமண், நம் கட்ச் பகுதியில் ஏராளமாகக் கிடைப்பது. மணமில்லாத அந்த ரகத்தை வாங்கி, இரண்டு அங்குல உயரத்துக்குப் போடுங்கள். பெட்டி, பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கடையில் பூனைப் பெட்டி என்று விற்பவற்றில் பல இதற்குப் போதாது. பாத்திரக் கடையில் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்குங்கள், விலையும் குறைவு, ராஜாவும் தாராளமாகத் திரும்பலாம்.

கே: வேலை முடிந்ததும் மணலைத் தொடாமல் பெட்டியின் சுவரையே பிறாண்டிக்கொண்டிருக்கிறதே? (வாசகி, நாகர்கோவில்)

ப: சுற்றியிருக்கும் மண்ணை இழுத்து மூடப் பார்க்கிறது, கைக்கு அகப்படுவது சுவர்தான். பெட்டி சின்னது, அல்லது மணல் அழுக்கு. முதலில் அள்ளிப் பாருங்கள்.

கே: எங்கள் கடுவன் அடிக்கடி பெட்டியில் போய் உட்கார்ந்து முக்குகிறான், ஒன்றும் வருவதில்லை. மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

ப: இவருடைய கடிதம் கிடைத்த உடனே போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன், தயவுசெய்து இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இது பெரும்பாலும் மலச்சிக்கல் அல்ல, மூத்திர அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளி போன்ற கட்டியோ அதை அடைத்துக்கொள்ளும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் முடங்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுபோகும். ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடக்கூடும். முக்குவது, கத்துவது, அடிக்கடி குறியை நக்குவது, சொட்டுச் சொட்டாக வருவது, வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, இவற்றைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் ஊரில் இரவிலும் பார்க்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கே: மாமியார் தினமும் பினாயில் ஊற்றிப் பெட்டியைக் கழுவுகிறார். சுத்தம் நல்லதுதானே? (வாசகி, சேலம்)

ப: சுத்தம் நல்லது, பினாயில் கூடாது. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் விஷம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். சோப்பும் வெந்நீரும் போதும். மாமியாரின் அக்கறைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கே: மருமகள் உண்டாகியிருக்கிறாள். பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள். (வாசகி, தஞ்சாவூர்)

ப: விடவே வேண்டாம். பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. பூனையின் மலத்தில் வெளிவரும் அதன் முட்டைகள் தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் இவற்றின் வழியாகவும் அது வரும் என்பதால் அங்கும் கவனம் வேண்டும். மருமகள் பெட்டியைத் தொட வேண்டாம். அள்ளும் பொறுப்பை உங்கள் மகனிடம் கொடுங்கள், அப்பாவாகப் போகிறவருக்கு நல்ல பயிற்சி.

கே: இரண்டு பூனைக்கு ஒரு பெட்டி போதுமா? (வாசகர், சென்னை)

ப: மூன்று வேண்டும், பூனைக்கு ஒன்று, மேலே ஒன்று. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் அவை ஒன்றாகத்தான் கணக்கு, வழியை மறித்து ஒரு பூனை படுத்துவிட்டால் இன்னொன்று எங்கே போகும்? ஒன்று பால்கனியில், ஒன்று ஹாலின் மூலையில், ஒன்று படுக்கையறையில். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் மட்டும் வைக்காதீர்கள்.